மலைக்குப் பருவம் உண்டு, தவணைக்கு ஏன் இல்லை?

ஏற்காடு அடிவாரத்தில் சாலையோரம் கடை போட்டிருக்கும் பெண்களுக்கு வருஷம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. கோடை விழா நடக்கும் மே மாதமும் சனி, ஞாயிறுகளும் ஒரு பக்கம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப்போகிற வண்டிகள் நின்று பழம் வாங்கும் நாட்கள் அவை. ஐப்பசி, கார்த்திகை மழை மறுபக்கம். அப்போது போட்ட முதல் திரும்பினாலே பெரிது. மலைமேல் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். காப்பிப் பழம் எடுப்பு கார்த்திகைக்கு மேல், மிளகு தை, மாசியில். கையில் வாங்கிய கடனுக்கு மட்டும் பருவம் கிடையாது. வாரா வாரமோ மாதா மாதமோ அதே டியூ.

பெண்களுக்கான கடனில் ஏற்காட்டின் மாவட்டமான சேலத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரியில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. அடுத்த சுற்றிலேயே, 1991-92இல், சேலம் சேர்ந்துகொண்டது. நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்கலாம் என்று நபார்டு முன்வந்ததே 1992இல்தான். சேமிப்பு, உள்கடன், தீர்மானப் புத்தகம், கையெழுத்து என்று படிப்படியாக வங்கிக்குள் நுழைந்த அந்தப் பெண்களின் சாதனையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். இன்று ஒரு குழு 20 லட்சம் ரூபாய் வரை அடமானம் இல்லாமல் கடன் வாங்கலாம்.

ஆனால் குழுவுக்கு வரும் பணம் பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கு போடப்படுகிறது. பள்ளிக்கூடச் செலவுக்குக் கேட்டவருக்கும், காப்பிக்கொட்டை வறுக்க இயந்திரம் வாங்க நினைப்பவருக்கும் ஒரே தொகை. இரண்டாமவர் அதற்குமேல் வளர வேண்டுமென்றால் தன் பெயரில் தனியாகக் கடன் கேட்க வேண்டும்.

முத்ரா கடன் திட்டம் அதற்காகத்தான் 2015இல் வந்தது. பத்தாண்டு நிறைவில் மத்திய அரசு சொன்ன கணக்கு: 52 கோடிக்கும் மேற்பட்ட கடன்கள், 32 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட தொகை, அதில் 68 சதவீதக் கணக்குகள் பெண்களுடையவை. வகுத்துப் பார்த்தால் ஒரு கடனுக்குச் சராசரி சுமார் 62,000 ரூபாய். தள்ளுவண்டிக்கும் தையல் மெஷினுக்கும் அது போதும். ஒரு சின்னப் பட்டறைக்குப் போதாது. பெரிய தொகைக்குப் போனால் சொத்துப் பத்திரம் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. பட்டாவோ பெரும்பாலும் மாமனார் பெயரில், அல்லது கணவர் பெயரில். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு இது இன்னும் கடினம். கடைசியில் கழுத்தில் கிடப்பதைக் கழற்றி நகைக் கடன் வாங்குகிறார்கள். நம் ஊரில் பெண்களின் தொழில் முதலீடு என்பது பெரும்பகுதி தாலிக்கொடியும் வளையலும்தான்.

மழை மாதத்தில் டியூ தவறினால் அந்த ஓட்டையை அடைப்பது தண்டல். காலையில் பிடித்தம் போக மீதியைக் கையில் கொடுத்து, மாலை மாலை வசூலிக்கும் கடன். ஒரு கடனை அடைக்க இன்னொன்று. அதை அடைக்க நகை.

இதை மாற்றப் புதுச் சட்டம் தேவையில்லை. பயிர்க்கடன் கொடுக்கும் வங்கி அறுவடை வரை காத்திருக்கிறது. அந்த நிலத்தில் விளைந்த மிளகை வாங்கி விற்கும் பெண்ணிடம் மட்டும் ஏன் மாதா மாதம் ஒரே தொகை கேட்க வேண்டும்? சிறுகடன்களுக்கான 2022 விதிகளில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொல்லியிருக்கிறது: கடன் வாங்குபவரின் தேவைக்கேற்பத் தவணைக் கால இடைவெளியை வளைத்துக்கொடுக்க ஒவ்வொரு நிறுவனமும் கொள்கை வகுக்க வேண்டும், ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. குழுக்களுக்கு ரொக்கக் கடன் வரம்பு என்ற வசதியும் இருக்கிறது: தேவைப்படும்போது எடுக்கலாம், கட்டலாம், எடுத்த பணத்துக்கு மட்டும் வட்டி.

குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே போடலாம். எந்த மாதம் வியாபாரம், எந்த மாதம் மந்தம், எப்போது எவ்வளவு கட்ட முடியும் என்று எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு, கடன் விண்ணப்பத்தோடு இணைத்து மேலாளரிடம் கொடுக்க வேண்டும். மே மாதத்தில் இரட்டைத் தவணை, ஐப்பசியில் வட்டி மட்டும் என்று கேட்பது சலுகை அல்ல.