உங்களுக்குத் தெரியுமா? வெள்ளைப் பாறையில் கறுப்புக் கோடு

நைனார்பாளையம் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்கு அடிப்பாறை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வெடி வைக்காமல் அசையாத கல் அது. அருகே கல்வராயன் மலையில் அது பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. கொல்கத்தாவில் ஆங்கிலேயரான ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர். கல் என்னவோ சென்னைப் பக்கத்துச் சரக்கு!

மேற்கே நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டியில் கதை வேறு. அங்கே வெளிறிய அனார்த்தோசைட் பாறை. நடுநடுவே மையால் இழுத்ததுபோல் கறுப்புப் பட்டைகள். குரோமியத்தின் தாதுவான குரோமைட்தான் அது. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் பாறைக்குழம்பு மெல்ல ஆறியபோது, கனமான குரோமைட் படிகங்கள் பாயசத்தில் ஜவ்வரிசிபோல அடியில் தங்கி அடுக்கடுக்காகப் படிந்தன.

பின்னால் வந்த பேரழுத்தம் அந்த அடுக்குகளை மடித்துச் சாய்த்துவிட்டது. வயலுக்கடியில் மறையும் பட்டை எங்கே மறுபடி தலைகாட்டும்? வரைபடம் போட்டால்தான் பிடிபடும். புவியியலாளர்கள் சுத்தியலால் தட்டிப் புதிதாக உடைந்த பரப்பைப் பார்ப்பார்கள், கைலென்ஸை வைப்பார்கள், திசைகாட்டியால் சாய்வை அளந்து தாளில் குறிப்பார்கள். வெயிலில் நாள்முழுக்க நடக்கிற வேலை.

இங்குள்ள குரோமைட்டில் இரும்பு அதிகம், தரம் சுமார்தான். ஆனாலும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதை விடவில்லை. காரணம், பட்டைகளோடு பிளாட்டினம் வகை உலோகங்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பட்டைக்கு மட்டுமல்ல, அந்த வெளிறிய பாறைக்கும் மவுசு உண்டு. நிலவின் மேட்டுநிலங்களும் பெரும்பாலும் அனார்த்தோசைட்தான். சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிக்க, இஸ்ரோ சித்தம்பூண்டிப் பாறையை இடித்துத்தான் ‘நிலா மண்’ தயாரித்தது.