ஹியூகோ விருது: கூட்டுக் கணக்கை உடைக்கும் ஒற்றைப் புள்ளி

ஜனவரி 31 கெடு நெருங்கினாலே தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் இருக்கும். அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதுக்கு நாமும் பரிந்துரை செய்யலாமா? நாலு பேர் சேர்ந்து ஒரே பெயரை எழுதினால் பலிக்குமா? முதல் கேள்விக்கு விடை எளிது. விருதை வழங்குவது ஆண்டுதோறும் வெவ்வேறு ஊரில் நடக்கும் உலக அறிவியல் புனைகதை மாநாடு; அந்தத் தேதிக்குள் அதன் உறுப்பினர் கட்டணம் கட்டியவர் எந்த நாட்டவரானாலும் பரிந்துரைக்கலாம். 'ரசிகர்களின் விருது' என்று அமைப்பாளர்கள் பெருமையாகச் சொன்னாலும், 'பணம் கட்டிய சில ஆயிரம் ரசிகர்களின் விருது' என்பதே சரியான விளக்கம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

2015இல் 'பப்பிகள்' என்று பெயர் சூட்டிக்கொண்ட அணிகள் ஆதரவாளர்களிடம் பட்டியல் கொடுத்து, சில பிரிவுகளில் ஐந்து இடங்களையும் பிடித்தன. கொதித்துப்போன வாக்காளர்கள் இறுதிச் சுற்றில் ஐந்து பிரிவுகளில் 'விருது இல்லை' என்று தீர்ப்பளித்தார்கள். அதன் விளைவாக 2017இல் நடைமுறைக்கு வந்ததுதான் 'இ ப்ளூரிபஸ் ஹியூகோ' என்ற எண்ணும் முறை. ஒரு பிரிவில் ஒருவர் ஐந்து படைப்புகள் வரை எழுதலாம். ஆனால் அவருக்கு இருப்பது ஒரே புள்ளி, அது அவர் எழுதிய படைப்புகளுக்குள் சமமாகப் பிரியும். தஞ்சாவூரில் நூறு பேர் ஏறத்தாழ ஒரே ஐந்து கதைகளை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினத்தில் தலா 40 பேர் தங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு கதையை எழுதுகிறார்கள். தலைகளை மட்டும் எண்ணினால், இறுதிப் பட்டியலில் இப்போதுள்ள ஆறு இடங்களில் ஐந்து தஞ்சாவூருக்கு. புதிய முறையிலோ தஞ்சாவூர்க் கதை ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 புள்ளி, மற்ற மூன்றுக்கும் தலா 40. ஒவ்வொரு சுற்றிலும் மிகக் குறைந்த புள்ளி பெற்ற இரண்டை ஒப்பிட்டு, குறைவான சீட்டுகளில் இடம்பெற்றதை நீக்குவார்கள். ஒரு மதகை அடைத்தால் அந்தத் தண்ணீர் மற்ற மதகுகளுக்குப் போவதுபோல, நீங்கிய கதையின் பங்கு அதே சீட்டிலுள்ள மற்ற கதைகளுக்குச் சேரும். இரண்டு சுற்று முடிந்ததும் தஞ்சாவூருக்கு மூன்று இடம், மற்றவர்களுக்கு மூன்று. கூட்டணி அழிவதில்லை, தன் பலத்துக்கேற்ற பங்கோடு நின்றுவிடுகிறது.

இவ்வளவு சிக்கல் எதற்கு, நடுவர் குழுவிடமே விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நடுவர்களுக்கும் அணி உண்டு, அவர்கள் போடும் சீட்டுதான் வெளியே தெரிவதில்லை. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு: எண்ணுகிறவரே தவறினால் எந்தச் சூத்திரம் காப்பாற்றும்? 2023இல் சீனாவின் செங்டுவில் நடந்த மாநாட்டில் ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல் காரணம் சொல்லாமல் 'தகுதியற்றது' என ஒதுக்கப்பட்டது. எழுத்தாளர்களின் அரசியல் பற்றி நிர்வாகிகள் குறிப்பெடுத்தது பின்னர் கசிந்த மின்னஞ்சல்களில் தெரிந்தது. இப்படிப்பட்டவரைக் கட்டுப்படுத்தப் பழைய உதாரணம் ஒன்று உண்டு: ஊர் வாரியத்தாரைக் குடத்திலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்த சோழர் காலக் குடவோலை முறை. அதைப் பற்றி நாம் மார்தட்டுவதில் மிகை உண்டு. உத்திரமேரூர் கல்வெட்டின்படி, பொதுவாகக் கால் வேலி நிலமாவது இல்லாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. ஆனால் அங்கே சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும், கணக்குக் காட்டாத பழைய வாரியத்தாரைச் சேர்க்கக் கூடாது. எண்ணுபவர் மீதான சந்தேகத்தையே விதியாக்கியிருந்தார்கள். 2024இல் கிளாஸ்கோ மாநாட்டின் நிர்வாகிகள் 377 போலி வாக்குகளை நீக்கியதோடு, அதை முடிவுக்கு முன்பே ஊரறியச் சொன்னார்கள். அதுதான் வழி. சூத்திரம் கூட்டணியை மட்டுப்படுத்தும். அதிகாரியை மட்டுப்படுத்த, வெளிப்படையான கணக்கும் அதைச் சரிபார்க்க நிறைய வாக்காளர்களும் வேண்டும்.

மற்ற கேள்விகள்:

கட்டணம்? சுமார் 50 டாலர், நாலாயிரம் ரூபாய்க்கு மேல். நம் வாசகருக்கு உண்மையான தடை இதுதான்.

ஐந்தையும் நிரப்ப வேண்டுமா? வேண்டாம், படித்ததை மட்டும் எழுதுங்கள்.

பழைய தமிழ்க் கதை? முதன்முறை ஆங்கிலத்தில் வெளியாகும் ஆண்டில் அதற்கு மறுபடி தகுதி உண்டு.

சென்ற ஆண்டு உறுப்பினர்? பரிந்துரைக்கலாம், இறுதி வாக்கு கிடையாது.

தமிழில் இப்படி ஒன்று? அரூ இதழின் அறிவியல் சிறுகதைப் போட்டிகூட நடுவர் தேர்வாகத்தான் இருந்தது. வாக்கெடுப்பு விருது தொடங்குபவர், எண்ணிக்கை விவரத்தை வெளியிடும் விதியை முதல் விதியாக எழுதட்டும்.