பழைய செயலி, புதிய சர்வர்

ஜாவாவில் எழுதிய இணையச் செயலி தனியாக நின்று இயங்காது. உலாவி அனுப்பும் கோரிக்கையை வாங்கி, உரிய நிரலிடம் சேர்த்து, விடையைத் திருப்பி அனுப்ப ஒரு சர்வர் வேண்டும். அவற்றுள் பெயர்பெற்றது டாம்கேட். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் உருவாக்கிய இதன் நிரல் 1999-இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது.

டாம்கேட் 9-ஆம் பதிப்பில் ஒழுங்காக ஓடிய செயலியை அப்படியே 10-இல் ஏற்றினால் ஓடாது. காரணம் ஒரு பெயர் மாற்றம். 2017-இல் ஆரக்கிள் நிறுவனம், இத்தகைய சர்வர்களுக்கு அடிப்படையான ஜாவா இஇ தொழில்நுட்பத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. ஆனால் அதன் நிரல் தொகுப்புகளின் முன்னொட்டான 'ஜாவாக்ஸ்' என்ற பெயரின்கீழ் மாற்றங்கள் செய்ய எக்லிப்ஸுக்கு உரிமை கிடைக்கவில்லை. எனவே ஜாவா இஇ-யின் வழித்தோன்றலாக 2020 டிசம்பரில் வெளியான, டாம்கேட் 10 பின்பற்றும் ஜகார்த்தா இஇ 9, 'ஜாவாக்ஸ்.சர்வ்லெட்' என்பதை 'ஜகார்த்தா.சர்வ்லெட்' ஆக்கியது. பழைய நிரல் தேடும் பெயர் புதிய சர்வரில் இல்லை.

அதற்காகக் கண்ணில்படும் 'ஜாவாக்ஸ்' எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது. தரவுத்தளத்துக்கான 'ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல்' ஜாவாவின் சொந்தப் பகுதி. அது மாறவே இல்லை. எவற்றை மாற்ற வேண்டும் என்று அறிந்து மாற்றித் தரும் கருவியை டாம்கேட் குழுவே இலவசமாகத் தருகிறது. செயலி சார்ந்திருக்கும் நூலகங்களையும் கவனிக்க வேண்டும்: எடுத்துக்காட்டாக, ஸ்பிரிங் 5 பழைய பெயரையும், ஸ்பிரிங் 6 புதிய பெயரையும் எதிர்பார்க்கின்றன.

பெயர்ச் சிக்கலாவது உடனே பிழைச்செய்தியாக வெளிப்படும். சத்தமில்லாமல் வரும் சிக்கல்தான் ஆபத்து. டாம்கேட் 7 வரை, முகவரியில் வரும் எழுத்துகளை லத்தீன் குறியாக்கமாகவே சர்வர் படித்தது. தமிழ்ச் சொல்லைத் தேடினால் சிதைந்துவிடும். அதைச் சரிசெய்ய நிரலாளர்கள், தமிழையும் உள்ளடக்கிய யுடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தார்கள். டாம்கேட் 8-இலிருந்து சர்வரே யுடிஎஃப்-8-ஆகப் படிக்கிறது. இப்போது அந்தப் பழைய வரியே சரியான தமிழைக் கேள்விக்குறிகளாக்கிவிடும். செயலி நிற்காது, தேடலில் மட்டும் எதுவும் கிடைக்காது.

ஆகவே ஒரே தாவலாக 7-இலிருந்து 10-க்குப் போகாமல், முதலில் 9-இல் நிறுத்திச் சோதிப்பது நல்லது. எந்த மாற்றத்தால் எது உடைந்தது என்று தெளிவாகத் தெரியும். தமிழில் தேடல், கோப்பு ஏற்றம், உள்நுழைவு, குக்கீ என ஒவ்வொன்றையும் பயனர் செய்வதுபோலவே செய்து பார்க்க வேண்டும். புதியது நிலைபெறும்வரை பழைய சர்வரைத் தயார்நிலையில் வைத்திருக்க வேண்டும்.

கோப்புகளை நகலெடுப்பது சில நிமிட வேலை. பழைய சர்வரின் எந்தெந்தப் பழக்கங்களை நம்பிச் செயலி ஓடியது என்று கண்டுபிடித்து எழுதிவைப்பதே இடமாற்றத்தின் உண்மையான உழைப்பு. அந்தப் பட்டியல் கையிலிருந்தால் அடுத்த மாற்றமும் எளிதாகும்.