ஏர் பிஸ்டல் சுடுதல்: தொடக்கமும் கருவித் தேர்வும்

ஏர் பிஸ்டல் சுடுதல் என்பது 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கை, நின்றபடி, ஒரே கையால் பிடித்த காற்றழுத்தக் கைத்துப்பாக்கியால் சுடும் விளையாட்டு. 1988 சியோல் ஒலிம்பிக்கிலிருந்து ஆண், பெண் இருபாலருக்கும் இப்போட்டி நடைபெற்று வருகிறது. 25 மீட்டர் பிரிவுகளில் பயன்படும் 0.22 பிஸ்டல்களுக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். ஆகவே புதியவர்கள் பெரும்பாலும் ஏர் பிஸ்டலிலேயே தொடங்குகிறார்கள்.

போட்டி முறை

தகுதிச் சுற்றில் 60 குண்டுகள் சுட வேண்டும். மின்னணு இலக்கு என்றால் 75 நிமிடம், காகித இலக்கு என்றால் 90 நிமிடம் தரப்படும். ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10 புள்ளி, மொத்தம் 600. பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே.

குறி பார்த்தல்

பிஸ்டலின் முனையில் முன்குறியும், கைப்பிடிக்கு மேலே நடுவில் பிளவுள்ள பின்குறியும் இருக்கும். முன்குறி அந்தப் பிளவின் நடுவில், இருபுறமும் சம இடைவெளியுடன், மேல்விளிம்பு சமமாகத் தெரிய வேண்டும். கண் முன்குறியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதே சரி.

இதற்கு எளிய கணக்கு உண்டு. கை 1 மி.மீ. இடம் மாறினாலும் குறிகள் நேராக இருந்தால், குண்டும் ஏறத்தாழ 1 மி.மீ. தான் விலகும். ஆனால் குறிகளுக்கு இடையே 32 செ.மீ. தூரம் உள்ள பிஸ்டலில் முன்குறி 1 மி.மீ. சாய்ந்தால், 10 மீட்டரில் குண்டு சுமார் 3 செ.மீ. விலகிவிடும். பத்து விழ வேண்டிய இடத்தில் ஏழு விழும். கை நடுங்குவதைவிட மணிக்கட்டு வளைவதே பெரிய தவறு. விலையுயர்ந்த பிஸ்டல் இதைத் திருத்தாது; பயிற்சியும் கைக்குப் பொருந்தும் பிடியுமே திருத்தும்.

கருவி விதிகள்

பன்னாட்டுச் சுடுதல் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிகளில் தொடக்கநிலையாளர் அறிய வேண்டியவை:

- குண்டின் விட்டம் 4.5 மி.மீ.
- பிஸ்டலின் எடை 1500 கிராமுக்கு மிகக் கூடாது.
- விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவைப்பட வேண்டும்.
- 420 × 200 × 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் பிஸ்டல் அடங்க வேண்டும்.
- தொலைநோக்கி, லேசர் போன்றவை கூடாது. பிடி மணிக்கட்டைத் தாங்கக் கூடாது.
- கணுக்காலை மூடும் காலணி கூடாது.

எதை முதலில் வாங்குவது?

மொரினி, ஸ்டெயர், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்தினி ஆகிய நிறுவனங்களின் பிஸ்டல்கள் பன்னாட்டுப் போட்டிகளில் பரவலாகப் பயன்படுகின்றன. இவை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலையாகும். கடன் வாங்கி பிஸ்டல் வாங்கிய பிறகு, குண்டுக்கும் பயணத்துக்கும் பணமில்லாமல் பயிற்சி நின்றுபோனால் அந்தச் செலவு முழுவதும் வீண். எனவே கீழ்க்காணும் வரிசை நல்லது.

1. முதல் சில மாதங்களுக்குச் சங்கத்தின் பிஸ்டலையே பயன்படுத்துதல்.
2. தட்டையான அடிப்பாகம் கொண்ட காலணியும், குறி பார்க்காத கண்ணை மறைக்கும் தடுப்பும் வாங்குதல். அந்தக் கண்ணை இறுக மூடினால் முகத்தசைகள் களைத்துவிடும். பார்வைக் குறை இருந்தால் கண் பரிசோதனை அவசியம்.
3. கையளவு தெரிந்த பின் பொருத்தமான பிடியைத் தேர்ந்தெடுத்தல். கண்ணை மூடி பிஸ்டலை உயர்த்தி, பிறகு திறந்து பாருங்கள். குறிகள் நேராக இருந்தால் பிடி பொருந்துகிறது.
4. கடைசியாகச் சொந்த பிஸ்டல்.

பழைய பிஸ்டல் வாங்குவோர் காற்று சிலிண்டரில் பொறித்த தயாரிப்புத் தேதியைப் பார்க்க வேண்டும். 10 ஆண்டு கடந்த சிலிண்டர் போட்டிக்கு ஆகாது. சிலிண்டரில் உலர்ந்த காற்றை மட்டுமே நிரப்ப வேண்டும். ஆக்சிஜன் நிரப்பினால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

கருவி எவ்வளவு நல்லதானாலும் பழுதாகலாம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது. நேரத்தை இழந்த அவர் 575 புள்ளிகளுடன் 12ஆம் இடம் பெற்றார். இறுதிச் சுற்று வாய்ப்பு 2 புள்ளிகளில் போனது. 2024 பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார்.

சட்டமும் பாதுகாப்பும்

ஆயுத விதிகள் 2016இன்படி, 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக அதை விளையாட்டுப் பொருளாகக் கருதக் கூடாது. கண்ணில் பட்டால் பார்வை போகும். வீட்டு மாடியிலோ கடற்கரையிலோ சுடுவது பயிற்சி ஆகாது. குண்டு நிரப்பியிருந்தாலும் இல்லாவிட்டாலும் முனை எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும். குண்டுகள் ஈயத்தால் ஆனவை என்பதால் சுட்ட பின் கை கழுவ வேண்டும்.

கட்டுமாவடியிலிருந்து தொடங்குவோர்க்கு

புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சுடுதல் விளையாட்டு புதிதன்று. தொண்டைமான் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். ஆனால் அவருடையது பறக்கும் தட்டுகளைச் சுடும் டிராப் பிரிவு. அதன் துப்பாக்கியும் களமும் வேறு. பிஸ்டலுக்கு அருகிலுள்ள பெரிய மையம் திருச்சி. அங்குள்ள ரைபிள் கிளப்பில் 2022 ஜூலையில் மாநிலப் போட்டி நடந்தது. நடிகர் அஜித்குமார் அதில் பிஸ்டல் பிரிவுகளில் பதக்கங்கள் வென்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு நாள்தோறும் போய்வருவது மாணவருக்கு இயலாது. வாரம் ஒருநாள் சுடுதளம், மற்ற நாள் வீடு என்று பிரித்துக்கொள்ளலாம். பிஸ்டல் இல்லாமலே செய்யக்கூடிய பயிற்சிகள் பல. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடை, போட்டி பிஸ்டலின் எடைக்கு ஏறத்தாழ சமம். அதைப் பிடித்துக் கையை நீட்டி 10 வினாடி நிறுத்தி, இறக்கி, ஓய்வெடுத்து மீண்டும் செய்தால் தோள் பழகும். சொந்த பிஸ்டல் வந்த பிறகு, வெற்றுச் சுவரைப் பார்த்துக் குண்டில்லாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகலாம். முன்குறி அசையாமல் விசை விழ வேண்டும்.

கடலோர உப்புக் காற்று எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். பிஸ்டலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும்.

போட்டிப் படிகள்

சங்க உறுப்பினரான பின் மாநிலப் போட்டி, தேசியப் போட்டிக்கு முந்தைய தகுதிப் போட்டி, தேசியப் போட்டி என்று படிகள் அமையும். தேசிய அளவில் இவ்விளையாட்டை 1951இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசிய ரைபிள் சங்கம் நடத்துகிறது. பள்ளி மாணவர்களுக்குப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளும் உண்டு. ஒவ்வொரு பயிற்சியின் புள்ளிகளையும் ஒரு நோட்டில் எழுதிவந்தால், அடுத்த செலவு குண்டுக்கா, பிடிக்கா, பிஸ்டலுக்கா என்பதை அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.