குருஷா கடந்த மலை

நீங்கள் நிற்கும் பட்டிப்பொலவில்தான் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கிறது: கடல் மட்டத்திலிருந்து 1,891 மீட்டர். இப்படிக் குளிர் வாட்டும் ஒரு மலைப்பாதையில்தான், குருஷா என்ற வேலைக்காரப் பெண் பிறர் பெற்ற பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு தப்பி ஓடுகிறாள்.

நாஜிகளிடமிருந்து தப்பிய பெர்டோல்ட் பிரெக்ட், அமெரிக்காவில் அகதியாக இருந்தபோது 1944இல் எழுதிய நாடகம் அவளுடைய கதை. பெர்லினில் அவருடைய சொந்தக் குழு அந்த நாடகத்தை மேடையேற்றியது 1954இல்தான். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே எரிக் பென்ட்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அது அமெரிக்காவில் அரங்கேறிவிட்டது. மூலத்தை மொழிபெயர்ப்பு முந்திக்கொண்ட அரிய நாடகம் இது.

சிங்களத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஹென்றி ஜயசேன. 1967இல் மேடையேறிய ‘ஹுணுவட்டயே கதாவ’வில் நீதிபதி அஸ்டக்காக அவரே நடித்தார், குருஷாவாக அவர் மனைவி மானெல்.

தமிழில், க. பாலேந்திராவின் அவைக்காற்று கலைக் கழகம் பிரெக்டின் இன்னொரு நாடகத்தை 1979இல் ‘யுகதர்மம்’ என்ற பெயரில் மேடையேற்றியது. அதில், முதலாளியின் தாகத்துக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டுகிறான் சுமைதூக்கி. கல்லால் அடிக்க வருகிறான் என்று நினைத்து முதலாளி அவனைச் சுட்டுக் கொல்கிறான். நீதிமன்றம் முதலாளியை விடுவிக்கிறது. ஜெர்மன் மூலத்திலும் அந்தச் சுமைதூக்கிக்குப் பெயர் ‘கூலி’தான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குருஷாவின் கதையில் ஒரு பாடகர் மேடையில் நின்று கதையைப் பாடி நகர்த்துவார். மாசியில் லயத்து முற்றத்தில் தப்பு முழங்கக் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு அவர் அந்நியராகத் தெரியமாட்டார்.