வெதுவெதுப்பு என்னும் நோய்

கிறித்தவத் திருமறையின் இறுதி நூலாகிய வெளிப்படுத்தலில் ஏழு சபைகளுக்கு எழுதப்பெற்ற மடல்கள் உள. கடைசி மடல் இலவோதிக்கேயா சபைக்குரியது. அனலுமின்றிக் குளிருமின்றி வெதுவெதுப்பாய் இருக்கின்றனர் என்பதே அச்சபையார் மேல் சாட்டப்படும் குற்றம்.

அனல் என்பது பக்தி, குளிர் என்பது பக்தியின்மை என்று பொருள் கொள்வாருளர். அங்ஙனமாயின், குளிராயிருந்தாலும் நலமே என்று கிறித்து கூறுவானேன்? விடை அவ்வூரின் தண்ணீரில் உள்ளது. இன்றைய துருக்கியில் தெனிசிலி நகரருகே அதன் இடிபாடுகளைக் காணலாம். வடக்கே எராப்போலியில் நோயாளர் நீராடும் வெந்நீரூற்று. கிழக்கே கொலோசெயில் தாகந்தீர்க்கும் தண்ணீர். இவ்வூருக்கோ குழாய்வழி வந்த நீர்; சுண்ணம் படிந்த அக்குழாய்கள் இன்றும் கிடக்கின்றன. வெதுவெதுப்பான நீர் நோய்க்கும் ஆகாது, தாகத்திற்கும் ஆகாது.

கி.பி. 60இல் நிலநடுக்கத்தால் அழிந்த இந்நகர், உரோம அரசின் உதவியின்றித் தன் பொருளாலேயே மீண்டெழுந்தது என்பது வரலாற்றாசிரியர் தாசித்துவின் குறிப்பு. அச்செருக்கு சபைக்குள்ளும் புகுந்தது போலும். தமக்குக் குறையொன்றுமில்லை என்றனர். செல்வர்களிடம் பொன் வாங்கிக்கொள்ளுமாறும், கருங்கம்பளிக்குப் பேர்போன ஊராரிடம் வெள்ளாடை வாங்கிக்கொள்ளுமாறும் மடல் கூறுகிறது. எத்துணைக் கூரிய எள்ளல்!

கதவைத் தட்டிநிற்கும் கிறித்துவை ஓவியங்களில் பார்த்திருப்பீர்கள். நம்பாதோர் வீட்டுக் கதவென்று பலர் எண்ணுவர். அன்று, அது நம்பினோர் சபையின் கதவு. உள்ளே வழிபாடு நடக்கிறது. அவரோ வெளியே நிற்கிறார். புது நோன்போ பெருங்காணிக்கையோ அவர் கேட்கவில்லை. மனந்திரும்பிக் கதவைத் திறந்தால் உடனமர்ந்து உண்பேன் என்கிறார்.