பழைய கணனியைக் கழித்துவிட முன்...

விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்தியது. அதனால் கணனி நின்றுவிடாது. ஆயினும், பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத கணனி, பூட்டுப் பழுதான வீடு போன்றதே.

விண்டோஸ் 11க்கு மாற முனைந்தால், "இக்கணனி பொருத்தமற்றது" என்ற அறிவித்தல் பலருக்குத் தலையிடியாகிறது. உடனே கடைக்கு ஓட வேண்டாம், சகோதரிகளே! 4 கிகாபைட் நினைவகம், 64 கிகாபைட் சேமிப்பிடம் என்பவற்றுடன் 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்பு வசதியையும் அது கேட்கிறது. பல கணனிகளில் அவ்வசதி இருந்தும் முடக்கப்பட்டிருக்கும். விபரம் தெரிந்தவரைக் கொண்டு 'பயோஸ்' அமைப்பில் அதை இயக்கிப் பாருங்கள். செயலியே மிகப் பழையதாயின், இலவசமாகக் கிடைக்கும் 'லினக்ஸ் மின்ட்' கைகொடுக்கலாம்.

எதைத் தொடுவதற்கும் முன் இரண்டு வேலைகள் உண்டு. குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். கணனியில் 'பிட்லொக்கர்' பூட்டு இருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கொப்பியில் எழுதி வையுங்கள். பயோஸில் கை வைத்தபின் கணனி அதைக் கேட்கக்கூடும். சாவி இல்லையேல் உள்ளிருப்பவை கைக்கு எட்டா.

மாற்றிய பின் பிரின்டர் இயங்க மறுத்தால், அதைத் தயாரித்த நிறுவனம் வழங்கும் புதிய 'டிரைவரை' நிறுவுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், பழைய விண்டோஸுக்கே திரும்ப வழமையாக 10 நாள் அவகாசம் உண்டு. ஆகவே முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்துவிடுங்கள்.